வல்லத்துக் குகையில் என் எருமை

எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, யார் வீட்டு நாய் யார் வாசலில் என்கிற அளவில்தான் செய்திகள் வரும். மழைக்காலத்தில் சிட்லபாக்கம் ஏரியின் தண்ணீர் மட்டத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். அப்படிப்பட்ட குழுவில் போன வருடம் திடீரென்று ஓர் அறிவிப்பு. 'இரண்டாம் சனிக்கிழமை அரை நாள் பாரம்பரியச் சுற்றுலா. வல்லம் குகைக் கோயில்கள், சிங்கப்பெருமாள் கோவில். வழிகாட்டி உண்டு. காலை டிபன் உண்டு.' வல்லம் என்ற பெயரை மூன்று முறை படித்தேன், மாறவில்லை.

அடுத்த அறையில் இருந்த என் மனைவி 'நாங்கள் இருவர்' என்று பதில் போட்டது என் கைபேசியில் வந்து விழுந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து புதினாவை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தில் நல்ல பிரகாசம்.

நான் ஏன் கலங்கினேன் என்று சொல்வதற்கு முப்பத்தோரு வருடம் பின்னால் போக வேண்டும். அதற்கும் முன்னால் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலை பார்த்தது ஒரு ரயில் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில். கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஓர் ஓட்டை, அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உலகம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் வாயில் வரக்கூடாத ஒரே வார்த்தை 'தெரியாது' என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தெரியாது என்றால் சனம் சண்டைக்கு வரும். 'பத்து நிமிஷத்துல வந்துரும்' என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடும். பத்து நிமிடம் கழித்து வேறொருவர் வந்து கேட்பார். அவருக்கும் ஒரு பத்து நிமிடம் கொடுத்து அனுப்புவேன்.

இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்தது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் விடமாட்டேன். சொல்கிற பதிலையும் தயங்கித் தயங்கிச் சொல்வது கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிளாட்பாரம் எண்ணோடு சொல்வேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டாம் நாள். தாம்பரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணம், அதன் பிறகு ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் பிரியாணி என்று ஒரு வாரம் ஓடியது. முதல் முறையாக நாங்கள் இருவர் மட்டும் எங்கேயாவது போகலாம் என்று புறப்பட்டோம். மகாபலிபுரம் என்று முடிவு. செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். ரயிலைப் பற்றி என்றால் நான் ராஜா. பஸ் என் இலாகா இல்லை. அதற்காகப் புது மனைவியை நிறுத்திவிட்டு ஒரு விசாரணைக் கவுண்டர்காரன் போய் இன்னொருவரிடம் விசாரிப்பதா? உறுமிக்கொண்டு நின்ற ஒரு பஸ்ஸில் தைரியமாக ஏறி, அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தேன். நடத்துனரிடம் 'கடைசி ஸ்டாப், ரெண்டு' என்று கம்பீரமாகச் சீட்டு வாங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பஸ் ஒரு புளியமரத்தடியில் நின்றது. இன்ஜினும் நின்றது. நடத்துனர் இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். எதிரே ஒரு குன்று, அதன் அடிவாரத்தில் நாலைந்து எருமைகள்.

"கடல் எங்கங்க?" என்றாள்.

"கடல் எங்க போகப்போவுது? மகாபலிபுரத்துக்கு எல்லாரும்தான் போறாங்க. உன்னை இங்க கூட்டிட்டு வரணும்னுதான் நெனச்சேன். இது அதைவிடப் பழசு" என்றேன். குன்றில் என்ன இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது. தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்று தூரத்தில் தெரிந்தது, அவ்வளவுதான். அதைவிடப் பழசு என்று நான் அடித்துவிட்டது பிற்பாடு உண்மையாகவே ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றிரண்டுதான் அமைந்திருக்கின்றன.

படி ஏறினோம். பாறையைக் குடைந்து ஒரு மண்டபம், கனத்த தூண்கள், உள்ளே இருட்டில் ஒரு சிவலிங்கம். கருவறை வாசலுக்கு இரு பக்கமும் இரண்டு காவலாளிகள் பாறையிலேயே செதுக்கப்பட்டு நின்றார்கள். அவர்களில் ஒருவருக்குத் தலையில் கொம்பு. என் மனைவி கொஞ்சம் பின்வாங்கினாள். நாங்கள் இருவரும் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர்கள். கொம்பு வைத்த ஆள் என்றால் எங்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவரைப் பற்றி யாரும் நல்ல மாதிரி சொன்னதில்லை.

"சாத்தானாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வளையவில்லை. கீழே எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. "சீச்சீ! இது எருமைக் கொம்பு" என்று ஆரம்பித்துவிட்டேன். இந்தக் குகையைக் குடைந்த சிற்பியிடம் ஓர் எருமை இருந்தது. வெட்டிய கல்லையெல்லாம் மலையிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனது அதுதான்.

"அப்புறம்?" என்றாள். அவள் என் முகத்தையே பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி எட்டு நாளில் அப்படி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன, வேலை முடிகிற அன்றைக்கு எருமையைச் சாகடித்தேன். அதன் ஞாபகமாகச் சிற்பி காவலாளியின் தலையில் கொம்பு வைத்தான். ராஜா வந்தார், இது என்ன கொம்பு என்று கோபப்பட்டார். "உள்ளே சாமி இருக்கட்டும், வாசலில் உழைத்தவன் இருக்கட்டும்" என்று சிற்பி சொன்னான். என் மனைவியின் கண்கள் கலங்கின.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. என் மனைவி பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பில் எருமைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். "பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்று வந்து சொன்ன அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். செய்தித்தாளைப் பார்த்தபடி "ம்" என்றேன். அதன்பிறகு அவள் ஓய்வு பெறும்வரை இருபத்தெட்டு வருடம், வருடத்துக்கு ஒரு வகுப்பு. மேடவாக்கம் முதல் பெருங்களத்தூர் வரை என் எருமையை நம்பி வளர்ந்த தலைமுறை ஒன்று இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு என்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் எதிலும் கிடையாது. குழாய்க்கு வாஷர் மாற்றினால் போய் ஒருமுறை திருகிப் பார்ப்பாள். சர்ச் கோயர் பாட்டில் என் குரல் கேட்டால் பாட்டுப்புத்தகத்தை உயர்த்திக்கொள்வாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும், யார் வந்தாலும், "சரித்திரம்னா அவரைக் கேளுங்க" என்பாள். முப்பத்தோரு வருடமாக அந்த ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டுதான் என் வீட்டில் நான் தலைநிமிர்ந்து நடந்துவந்தேன். இப்போது விவரம் தெரிந்த ஒரு வழிகாட்டி அவள் கண் முன்னால் அதே கொம்புக்கு அர்த்தம் சொல்லப் போகிறார்.

தப்பிக்கப் பார்த்தேன். முழங்கால் வலி என்றேன். மறுநாளே முழங்கால் பட்டை ஒன்று வாங்கிவந்து மாட்டிவிட்டாள். வெயில் ஆகாது என்றேன், தொப்பி வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது, "உனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகுது, குகைக்குள்ள தூசி" என்றேன். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்காட்டினாள். "நீங்க காட்டின இடத்தை இன்னொரு தடவை பாக்கணும்னு எவ்வளவு ஆசை தெரியுமா?" என்றாள். சாதத்தைப் பிசைந்தேன்.

சனிக்கிழமை காலை வேன் புறப்பட்டது. பன்னிரண்டு பேர். முன் சீட்டில் சங்கச் செயலாளர். மாடம்பாக்கத்தில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் வீடுகள் நிற்க, இவர் அந்த வீடுகளுக்கு வேண்டிய ஆணி, பெயின்ட், பைப் விற்கிறார். எந்தக் கோயிலைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு மாடம்பாக்கத்தில்தான் வந்து முடியும்.

"சோழன் கட்டனது சார், நம்ம கோயிலு. பின்னால நின்னு பாத்தா அப்டியே யானை பட்த்துகினு கீற மாறி கீது. வல்லத்துல இன்னா கீது? வெறும் பாறைதான?"

"அப்படிச் சொல்லாதீங்க. அந்தக் குகையோட கதையெல்லாம் இவருக்கு அத்துப்படி" என்று என் மனைவி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். வேன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "வழிகாட்டி ஏதாவது விட்டுட்டாங்கன்னா இவரே எடுத்துக் கொடுப்பார்."

"அப்டியா சார்? சொல்லவேயில்ல!" என்றார் செயலாளர். நான் ஜன்னல் வழியாக வண்டலூரைப் பார்த்தேன்.

செங்கல்பட்டுக்கு முன்னால் ஓர் ஓட்டலில் பொங்கல், வடை. வழிகாட்டி அங்கே வந்து சேர்ந்துகொண்டாள். முப்பது வயதிருக்கும். காட்டன் சல்வார், தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு சின்ன டார்ச். கல்லூரியில் சரித்திரம் படித்துவிட்டு, வாரக் கடைசியில் இப்படி ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொன்னாள். என் மனைவி கறுப்புக் கண்ணாடியோடு வடையில் கவனமாக இருந்தாள். நான் காபி டம்ளரோடு மெதுவாக வழிகாட்டியின் பக்கம் நகர்ந்தேன்.

"ஒரு சின்ன உதவிம்மா. அங்க வாசல்ல கொம்பு வச்ச காவலாளி ஒருத்தர் இருப்பார் இல்லையா? அவரைப் பத்தி ரொம்ப விளக்க வேண்டாம். சும்மா அப்படியே தாண்டிப் போயிடலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். சட்டைக்கு மேலே தொங்கிய என் சிலுவையைப் பார்த்தாள். முகம் கனிந்துவிட்டது.

"அங்கிள், பயப்படாதீங்க. அது சாத்தான் இல்ல. நெறைய பேர் அப்படி நெனச்சு உள்ளயே வரமாட்டாங்க. உங்களுக்காகவே நான் அந்த எடத்துல அஞ்சு நிமிஷம் எக்ஸ்ட்ரா எடுத்துத் தெளிவா சொல்றேன்."

நான் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பொங்கல் இறங்கவில்லை.

வல்லத்தில் புளியமரம் இல்லை. பஸ் நின்ற இடத்தில் இப்போது இரும்புக்கம்பியும் சிமென்ட்டும் விற்கிற கடை. குன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தொல்லியல் துறைக் காவலர் வந்து கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். வழிகாட்டி கீழிருந்தே நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாறையில் வெட்டியிருந்த பிள்ளையாரைக் காட்டினாள், பக்கத்தில், நாம் மூதேவி என்று திட்டுகிற மூத்த தேவியைக் காட்டினாள். தூணில் எழுத்து இருந்தது. அதில் பல்லவ ராஜாவின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். ஒரு ராஜாவுக்கு இத்தனை பெயரா என்று, டிபன் நேரத்திலேயே அவளிடம் தன் கடைக் கார்டைக் கொடுத்திருந்த செயலாளர் கேட்டதற்கு, "உங்க கடைக்கு எத்தனை போர்டு சார் வச்சிருக்கீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு படியும் கனத்தது. முழங்கால் நிஜமாகவே வலித்தது.

கருவறை வாசலுக்கு வந்தோம். டார்ச் வெளிச்சம் காவலாளியின் தலையில் விழுந்தது.

"இந்தக் கொம்பைப் பாத்து யாரும் பயப்பட வேண்டாம்" என்று என்னைப் பார்த்துத் தைரியம் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். "இவர் சிவனோட சூலம். சூலத்தையே ஒரு ஆளா செஞ்சு வாசல்ல நிறுத்தியிருக்காங்க. நடுமுனை கிரீடத்தோட சேந்துடுச்சு. ரெண்டு பக்க முனை மட்டும் வெளிய தெரியுது, அதான் கொம்பு மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் நிக்கிறவர் மழு, அதாவது சிவனோட கோடாலி. அப்படித்தான் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க."

முடிந்தது. முப்பத்தோரு வருட மரியாதை மூன்று முனையில் குத்தி நின்றது. நான் ஓரக்கண்ணால் என் மனைவியைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

"ஆனா இதுக்கு இன்னொரு கதையும் இருக்கு" என்றாள் வழிகாட்டி. குரலைத் தணித்துக்கொண்டாள். "இது புஸ்தகத்துல கிடையாது. நான் எவ்வளவோ தேடிட்டேன். மக்கள் வாய்மொழியா சொல்லிக்கிட்டு வர்ற கதை. இந்தச் சிற்பிகிட்ட ஒரு எருமை இருந்துச்சாம்…"

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். என் எருமை. அதே எருமை, அதே கல், அதே சாவு. "உள்ள சாமி இருக்கட்டும், வாசல்ல உழைச்சவன் இருக்கட்டும்" என்று அவள் சொன்னபோது கூட்டத்தில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காவலர்கூட வந்து நின்று கேட்டார். பயந்து வந்தவனுக்குப் பெருமையாக இருந்தது என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான் விட்ட இடத்தைத் தாண்டிப் போனது.

"அந்தச் சிற்பிக்கு ஒரு பொண்டாட்டி. தினமும் கூழ் எடுத்துக்கிட்டு மலை ஏறி வருவாங்களாம். அவர் குடிச்சுக்கிட்டே கதை விடுவாராம். இன்னைக்கு ராஜா வந்தார், தோளைத் தட்டினார், அடுத்த கோயிலும் உனக்குத்தான்னு சொன்னார், அப்படின்னு. ராஜா அந்தப் பக்கமே வரலன்னு அவங்களுக்குத் தெரியும். வந்தா ஊருக்கே குதிரைச் சத்தம் கேக்காதா? ஆனா ஒரு நாள்கூட அவரைப் பிடிச்சுக் கொடுத்ததில்லையாம்."

"ஏன்?" என்று கண்ணைத் துடைத்த அம்மா கேட்டார்.

"நானும் சின்ன வயசுல இதைத்தான் கேட்டேன். நெஜத்தைப் பேசறப்ப அவர் உளியைப் பாத்துக்கிட்டே பேசுவாராம். பொய் சொல்றப்ப மட்டும்தான் பொண்டாட்டி முகத்தைப் பாத்துப் பேசுவாராம். அதனால அந்தம்மா 'அப்புறம்?'னு மட்டும் கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம்."

நான் இதைச் சொல்லவே இல்லை. என் கதையில் பொண்டாட்டியே கிடையாது.

செயலாளருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. "கரெக்ட்டும்மா! எங்க தாத்தா இதே கதைய சொல்லிக்கீறாரு. அந்த எருமைய எங்க மாடம்பாக்கத்துல இருந்துதான் இட்டாந்தாங்களாம்."

வழிகாட்டி கைபேசியை எடுத்து அதை அங்கேயே குறித்துக்கொண்டாள். "ரொம்ப தேங்க்ஸ் சார். ரெண்டு எடத்துல ஒரே கதை கிடைச்சா அதுக்கு மதிப்பே வேற. இந்த வட்டாரத்துக் குகைக் கதைகளை ஒரு சின்ன புஸ்தகமா போடறேன், அடுத்த மாசம் அச்சுக்குப் போகுது. ஆயிரத்து நானூறு வருஷமா மக்கள் காப்பாத்தி வச்சிருக்கிற கதை சார் இது!"

எல்லோரும் கை தட்டினார்கள். குகைக்குள் அது பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் என் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

வழிகாட்டி அவளைப் பார்த்தாள். டார்ச்சை அவள் பக்கம் திருப்பி, சட்டென்று இறக்கினாள். "மிஸ்!" என்றாள். முப்பது வயதுப் பெண் ஒரே வார்த்தையில் எட்டு வயதாகிவிட்டாள். "மிஸ், மூணாம் கிளாஸ் பி செக்‌ஷன்! நீங்கதான் மிஸ் எனக்கு இந்தக் கதைய சொன்னீங்க. இந்தக் கதைக்காகத்தான் நான் ஹிஸ்டரியே எடுத்தேன்!"

"முன் பெஞ்சு. பென்சிலைக் கடிப்பே" என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் மிஸ், மிஸ் என்று அந்தப் பாறை முழுக்க எதிரொலித்தது. பிறகு அந்தப் பெண் கைபேசியில் பதிவு பொத்தானை அழுத்திக்கொண்டு, "மிஸ், உங்களுக்கு இதை யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"இவர்தான்" என்று என் மனைவி என்னைக் காட்டினாள்.

பன்னிரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பின. கைபேசி என் வாயருகே வந்தது. "அங்கிள், உங்களுக்கு யார் சொன்னாங்க?"

என் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள், நானும் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். இப்போதும் பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆடு மேய்ப்பவர், தொண்ணூறு வயது. அப்படி ஒருவரை அந்தக் கணத்தில் பெற்று வளர்த்து விட்டேன். சொல்லிவிட்டால் என் சான்றிதழ் பிழைத்துவிடும், கேட்டவர்கள் இன்னொரு தடவை கை தட்டியிருப்பார்கள். ஆனால் கவுண்டரில் நான் சொன்ன பொய்யெல்லாம் பத்து நிமிடத்தில் செத்துவிடும். இது அச்சில் ஏறி நிற்கும். நாளைக்கு விவரம் தெரிந்தவர் யாராவது நோண்டிப் பார்த்தால், பென்சிலைக் கடித்த அந்தப் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டிவரும்.

காவலாளியின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "யாரும் சொல்லலம்மா. நானேதான் விட்டேன். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. கீழ எருமை மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

கைபேசி இன்னும் என் வாயருகேதான் இருந்தது.

"இங்க வரணும்னு வரவும் இல்ல" என்று மீதியையும் கொட்டினேன். "மகாபலிபுரம்னு நெனச்சு பஸ் மாத்தி ஏறிட்டேன். அதை வெளிய சொல்ல முடியாம, இதையும் சேத்துச் சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் என் மனைவி.

நிமிர்ந்தேன். "என்ன தெரியும்?"

"பஸ்ஸுல வல்லம்னு போர்டு போட்டிருந்துச்சு. நான் டீச்சருங்க. எனக்குப் படிக்கத் தெரியும்."

"அப்ப ஏன் ஏறினே?"

"நீங்க சீட்டெல்லாம் பிடிச்சு வச்சுட்டீங்களே."

முதலில் சிரித்தது அந்தக் காவலர்தான். அப்புறம் எல்லோரும். அந்தப் பெண் கைபேசியை அணைக்கக்கூட மறந்து சிரித்தாள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அது எப்டி சார்? எங்க தாத்தா சொன்னாரே!" என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "சார், நீங்க சின்ன வயசுல யார்கிட்டயோ கேட்டு மறந்துட்டிருப்பீங்க. நல்லா யோசிங்க" என்றார். ஒரு பொய்யை எனக்காக இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியவர் வேறு யாரும் இல்லை.

புத்தகத்தில் கதை இருக்கட்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். 'சிட்லபாக்கத்து ஆசிரியை ஒருவர் தம் வகுப்பில் சொல்லிவந்த கதை' என்று நேர்மையாகப் போடுவாளாம். எருமையைப் பெற்றவன் நான், பெயர் வாங்கியது என் மனைவி. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வேனில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தாள். நான் கணக்குக் கூட்டிப் பார்த்தேன். கூழ் கொண்டுவந்த பொண்டாட்டி யார் என்பதில் சந்தேகம் இல்லை. அந்தப் பெண் எட்டு வயதில் கேட்டாள் என்றால், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே நான் நிஜத்தைச் செய்தித்தாளைப் பார்த்தும் பொய்யை அவள் முகத்தைப் பார்த்தும் பேசுகிறேன் என்று மூன்றாம் வகுப்பு பி பிரிவு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. முழங்கால் பட்டையும் தொப்பியும் வந்த வேகம் இப்போது புரிந்தது. இரண்டு வாரமாக நான் நெளிவதைப் பார்த்து வீட்டுக்குள்ளேயே ஒருத்தி ரசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வரவில்லை. முப்பத்தோரு வருடம் ஒருத்தியை உட்காரவைத்து ரயிலுக்கு நேரம் சொன்னதுபோலப் பேசியிருக்கிறேனே என்றுதான் இருந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் நடை சாத்துவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். மற்றவர்கள் உள்ளே போக, நாங்கள் இருவரும் மலையைச் சுற்றிப் போகிற பாதையில் நிழல் பார்த்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் செயலாளர் நெற்றியில் திருமண்ணோடு ஓடி வந்தார்.

"சார், மிஸ் பண்ட்டீங்க! அய்யரு சாமி நெத்தில கீற நாமத்த தூக்கி தீபம் காட்னாரு. உள்ள மூணாவது கண்ணு கீது சார்!" சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்க மறுபடி ஓடினார்.

என் மனைவி கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்தாள்.

"ஏங்க, அவருக்கு ஏன் மூணு கண்ணு?"

நல்ல கேள்வி. என்னிடம் உடனே மூன்று பதில்கள் இருந்தன. ஒன்றில் ஒரு சிங்கக்குட்டிகூட வந்தது. பாறையைப் பார்க்கலாம் என்று திரும்பிய கழுத்தை இழுத்துப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன இடது கண்ணின் ஓரத்தில் இன்னும் லேசாகச் சிவப்பு இருந்தது. அன்றுவரை நான் அதைக் கவனிக்கவில்லை.

"தெரியாது" என்றேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.